முகத்தில் மரு: மெடிக்கல் கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மெடிக்கலில் பதினாறு வருடமாகப் பார்மசிஸ்டாக இருக்கிறேன். இருமல் மருந்து, சர்க்கரை மாத்திரை கேட்டு வருகிறவர்கள் வாசலிலிருந்தே சத்தமாகக் கேட்பார்கள். மரு விஷயமாக வருகிறவர்கள் மட்டும் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். பிறகு கவுன்டரில் சாய்ந்து, துப்பட்டாவையோ கர்சீப்பையோ கொஞ்சம் விலக்கி, "அக்கா, இதுக்கு ஏதாவது..." என்று ஆரம்பிப்பார்கள். பாதிப் பேர் அதற்குள் வீட்டிலேயே எதையாவது வைத்துப் பார்த்திருப்பார்கள். ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிச் சொல்லி, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. முகத்தைப் பார்க்காமல் யாரும் வைத்தியம் சொல்லவும் முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மருன்னா என்னக்கா? உடம்பு சூட்டாலதான் வருது, இளநீர் குடின்னு அத்தை சொல்றாங்க.

மரு வைரஸால் வருவது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. தோலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக நுழைந்து, மேல்தோலை அளவுக்கு மீறி வளர வைக்கிறது. அந்தத் தடிப்புதான் மரு. வைரஸ் நுழைந்த பிறகு மரு கண்ணில் பட ஒரு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அதனால் எங்கே ஒட்டியது என்று யோசித்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். சூட்டுக்கும் சம்பந்தமில்லை, ரத்தம் கெட்டுப்போவதற்கும் சம்பந்தமில்லை. இளநீர் தாராளமாகக் குடியுங்கள். மரு அதைக் கண்டுகொள்ளாது.

எச்.பி.வி. என்று கூகுளில் தேடிவிட்டு, கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று படித்து அழுதுகொண்டே வந்த பெண் ஒருத்தி உண்டு. இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கையில் சொரசொரப்பான மருவைக் கொண்டுவருவது ஒரு வகை, முகத்துக்கு வருவது ஒரு வகை, கருப்பை வாயைத் தாக்குவது வேறு வகை. கன்னத்தில் நாலு மரு இருப்பதற்கும் அந்தப் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

என் முகத்துல இருக்கறது மருதானே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆனால் இதைக் கேட்பவர்கள்தான் குறைவு. தமிழில் 'மரு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாலைந்து சமாச்சாரங்களைச் சொல்லிவிடுகிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

நிஜமான மரு முகத்தில் இரண்டு விதமாக வரும். ஒன்று தட்டை மரு. கடுகளவிலிருந்து மிளகளவு வரை, தோல் நிறத்திலோ லேசான பழுப்பிலோ, மேல்பக்கம் தட்டையாக இருக்கும். நெற்றி, கன்னம், தாடை என்று பத்து இருபது கூட்டமாகக் கிளம்பும். பள்ளி, கல்லூரி வயதில் அதிகம். இன்னொன்று மூக்கு, உதடு, இமை ஓரத்தில் மெல்லிய முள்போல நீட்டிக்கொண்டு நிற்பது. நூல் மரு என்று நான் சொல்வேன்.

இனி மருவே அல்லாதவை. கழுத்திலும் அக்குளிலும் இமையிலும் மெல்லிய காம்பில் மெத்தென்று தொங்குவது தோல் தொங்கல். டாக்டர்கள் ஸ்கின் டேக் என்பார்கள். அதில் வைரஸ் இல்லை. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் மிளகுப்பொடி தூவியதுபோலக் கருப்பாக, கொஞ்சம் மேடாக, வருடத்துக்கு வருடம் கூடுவது டி.பி.என். எனப்படும் டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா. நம்மைப் போன்ற மாநிறம், கருநிறத் தோலில் நிறையப் பார்க்கலாம். அம்மாவுக்கும் இருக்கும், சித்திக்கும் இருக்கும். இதுவும் வைரஸ் இல்லை, யாருக்கும் ஒட்டாது. நாற்பது தாண்டியவர்கள் என்னிடம் மரு என்று காட்டுவதில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. குழந்தைகள் முகத்தில் முத்துப்போலப் பளபளப்பாக, நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழியோடு வருவது பாலுண்ணி. அது வைரஸ்தான், ஆனால் வேறு வைரஸ்.

எங்க வீட்ல எல்லாருக்கும் ஒட்டிக்குமா?

நிஜ மருவும் பாலுண்ணியும் ஒட்டும். ஆனால் அம்மைபோல வேகமாக அல்ல. துண்டு, ரேசர், சீப்பு, தலையணை உறையைத் தனியாக வைத்துக்கொண்டாலே போதும். ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது என்றெல்லாம் ஒதுக்கி வைப்பது அநியாயம்.

இன்னொருவருக்கு ஒட்டுவதைவிட உங்கள் முகத்திலேயே பரவுவதுதான் அதிகம். தட்டை மரு உள்ள பையன் தாடி மழித்தால், பிளேடு போன தடத்திலேயே கோடு போட்டதுபோல வரிசையாகப் புது மருக்கள் கிளம்பும். நகத்தால் கீறினாலும் அப்படித்தான். புருவத்தில் நூல் போடுவது, மேலுதட்டில் வாக்ஸிங் செய்வது எல்லாம் இதே கணக்கு. மரு இருக்கும்வரை பிளேடை விட்டு டிரிம்மருக்கு மாறுங்கள்.

ஒண்ணுமே பண்ணாம விட்டா தானா போயிடுமா?

நிஜ மரு பெரும்பாலும் போய்விடும். குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்தில், மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இரண்டு வருடத்தில் மறைந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இன்னும் மெதுவாக, சிலருக்குப் பல வருடம் இழுக்கும். பாலுண்ணி பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் அடங்கும். தோல் தொங்கலும் டி.பி.என்.-உம் தானாகப் போகாது. இருந்தாலும் கெடுதல் இல்லை.

தட்டை மரு போகும் விதம் வேடிக்கையானது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தது திடீரென்று ஒரு வாரம் சிவந்து, அரித்து, வீங்கினாற்போல ஆகும். பரவுகிறது என்று பயந்து ஓடி வருவார்கள். உண்மையில் உடம்பின் எதிர்ப்பு சக்தி அப்போதுதான் வைரஸை அடையாளம் கண்டு சண்டைக்கு இறங்கியிருக்கும். அடுத்த சில வாரத்தில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து மறைந்துவிடும். அந்த வாரம் நீங்கள் எதைத் தடவிக்கொண்டிருந்தீர்களோ அதற்குத்தான் பேர் கிடைக்கும். மரு வைத்தியம் இத்தனை வகை இருப்பதற்கு முக்கால் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

சுண்ணாம்பும் துணி சோப்பும் குழைச்சு வச்சா ஒரே ராத்திரில விழுந்துடும்னு சொல்றாங்களே?

விழும். மரு மட்டும் விழாது, கூடவே கன்னமும் கொஞ்சம் விழும்.

மூன்று வருடத்துக்கு முன் கல்லூரி படிக்கும் ஒரு பெண் வந்தாள். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பு, துணி சோப்பு சீவல், குச்சியால் குழைத்து, கடுகளவு மருவின்மேல் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். முதலில் சுள்ளென்று இருந்ததாம், 'மருந்து வேலை செய்கிறது' என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாளாம். பிறகு வலியே தெரியவில்லையாம். என்னிடம் காட்டும்போது புளியங்கொட்டை அளவில் கருப்பாக, தோல்போலக் காய்ந்த பொருக்கு. அது உதிர்ந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது.

காரணம் ரசாயனம். சுண்ணாம்பு தனியாகவே கடுங்காரம். துணி சோப்புக் கட்டியில் சலவை சோடா கலந்திருக்கும். ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகிறது, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் ஊற்றுகிறோமே, அதே சமாச்சாரம். அமிலம் பட்டால் தோல் மேலேயே கெட்டிப்பட்டு, உள்ளே போகாமல் ஓரளவு தடுத்துக்கொள்ளும். காரம் அப்படியல்ல. தோலைக் கரைத்து வழவழப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். வலி நின்றது நல்லதுக்கல்ல, நரம்பு முனையும் செத்துப்போனதால். நீங்களோ வீட்டில் யாரோ ஏற்கெனவே வைத்திருந்தால் துணியால் வழித்துவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றாதீர்கள்.

மருவுக்கு வேர் இருக்கு, வேரோட எடுத்தாதான் திரும்ப வராதுன்னு சொல்றாங்க?

மருவுக்கு வேர் கிடையாது. கை மருவைச் சீவினால் உள்ளே கருப்புப் புள்ளிகள் தெரியும். அதைத்தான் வேர் என்கிறார்கள். அவை ரத்தம் உறைந்துபோன மெல்லிய நாளங்கள். மரு வாழ்வது மேல்தோலில் மட்டும்தான். திரும்ப வருவது வேரால் அல்ல, பக்கத்துத் தோலில் மிச்சமிருக்கும் வைரஸால்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், தழும்பு விழுவது மேல்தோலுக்குக் கீழே உள்ள அடுக்கு காயப்பட்டால்தான். மரு அந்த அடுக்கைத் தொடுவதே இல்லை. அதனால்தான் தானாக மறையும்போது சுவடே இல்லாமல் போகிறது. 'வேரோடு' சுடுகிறேன் என்று இறங்குகிறவர்கள், மரு போகாத ஆழத்துக்குப் போய் நிரந்தரத் தழும்பை வாங்கி வருகிறார்கள்.

எருக்கம்பால், கள்ளிப்பால், அம்மான் பச்சரிசிப் பால்... இதெல்லாம் இயற்கைதானே?

விஷமான காஞ்சிரங்காயும் இயற்கைதான். அம்மான் பச்சரிசியைக் கிள்ளி வரும் பாலைப் பாலுண்ணியில் வைப்பது நம் ஊரில் காலங்காலமாக இருக்கும் வழக்கம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவும் கள்ளி இனத்துச் செடிதான். இந்தப் பால்கள் எல்லாமே தோலை எரிச்சலூட்டிக் கொப்புளமாக்கி உரிப்பவை. கை முட்டியில் கொப்புளம் வந்தால் நாலு நாள் சிரமம். முகத்தில் வந்தால் மாதக்கணக்கில் கருப்பு.

அதைவிடப் பெரிய பயம் கண். எருக்கம்பாலை விரலால் தொட்டு இமைப் பக்கத்து மருவில் வைத்துவிட்டு, கை மறதியாகக் கண்ணைக் கசக்குகிறார்கள். எருக்கம்பால் கருவிழியைப் பாதிக்கும்போது சிலருக்கு வலியே இருக்காது. புகை மூட்டம்போலப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வலி இல்லையே என்று காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். விடக் கூடாது. நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். கள்ளிப்பாலும் இப்படியே, அது பெரும்பாலும் கடுமையாக வலிக்கும்.

முந்திரிக்கொட்டைய சுட்டு அந்த எண்ணெய வைக்கலாமா?

பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் கேட்பது. முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? தோல் உரிந்து கருத்துப் போயிருக்கும். அந்த ஓட்டு எண்ணெய் செய்யும் வேலைதான் அது. சேங்கொட்டையும் அதே குடும்பம், அதே குணம். முகத்துப் பக்கமே வேண்டாம்.

பூண்டு? ஆப்பிள் சைடர் வினிகர்? எலுமிச்சம் பழம்?

பூண்டில் வைரஸை எதிர்க்கும் சத்து இருப்பதாக ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நசுக்கிய பச்சைப் பூண்டைத் தோலில் கட்டி வைத்தால் சில மணி நேரத்தில் நெருப்புச் சுட்டதுபோலக் கொப்புளிக்கும். இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை, ஊறுகாய்க்காக இரண்டு கிலோ பூண்டு உரித்தவர் யாரையாவது கேளுங்கள், விரல் எரிச்சலைச் சொல்வார்.

ஆப்பிள் சைடர் வினிகர் என்பது சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம். பஞ்சில் நனைத்துப் பிளாஸ்திரி போட்டு இரவு முழுக்க வைத்தால் புண்ணாகும். வீடியோக்களில் 'கருப்பாகி உதிர்கிறது பாருங்கள்' என்று காட்டுகிறார்களே, அந்தக் கருப்பு வெந்துபோன தோல். எலுமிச்சையைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் சூரிய ஒளியோடு சேர்ந்து தோல் கொப்புளித்து, கோடு கோடாகக் கருக்கும். சமையல் சோடா, பற்பசை, நெயில் பாலிஷ் எல்லாவற்றையும் இதே பத்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள், தனித்தனியாகக் கேட்க வேண்டாம்.

அப்போ வாழைப்பழத் தோல், உருளைக்கிழங்கு, விளக்கெண்ணெய்?

கெடுதல் இல்லை. தடவிவிட்டுத் தூங்கினால் தலையணை உறை அழுக்காகும், அவ்வளவுதான். இவற்றால் மரு போகும் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் எதையாவது தடவியே தீருவேன் என்பவர்களுக்கு விளக்கெண்ணெயைத்தான் சொல்வேன். அது சுண்ணாம்பை எடுக்க விடாமல் கையைக் கட்டிவைக்கும். வாழைப்பழத் தோலை மட்டும் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பரவும்.

தலைமுடியோ நூலோ கட்டினா நாலு நாள்ல விழுந்துடுது, நானே பண்ணியிருக்கேன்.

விழுந்தது தோல் தொங்கலாக இருந்திருக்கும். காம்பு இருப்பதால் கட்ட முடிந்தது, ரத்த ஓட்டம் நின்று கருத்து உதிர்ந்தது. நிஜ மருவுக்குக் காம்பு பெரும்பாலும் இருக்காது.

கழுத்தில் மிக மெல்லியதாக ஒன்று இருந்து, கட்டி, சரியாகப் போனவர்கள் உண்டு. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாதி இறுகி, வீங்கி, சீழ் பிடித்து ஆன்டிபயாட்டிக் வாங்க வருகிறவர்களும் உண்டு. சர்க்கரை இருந்தால் இந்த வேலையே வேண்டாம். கண்ணிமையில் யாருமே செய்யக் கூடாது. ஊதுபத்தி நுனியால் சுடுவது, நகவெட்டியால் நறுக்குவது, பிளேடால் சீவுவது ஆகியவற்றுக்கும் இதே பதில், கொஞ்சம் உரத்த குரலில்.

கால் ஆணிக்கு விக்கிற மருந்த முகத்துக்கு வைக்கலாமா? அதுல 'மருவுக்கு'ன்னு போட்டிருக்கே.

அது சாலிசிலிக் ஆசிட், பெரும்பாலும் 17 சதவீதத்துக்குப் பக்கத்தில். கை, கால் மருவுக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய, சோதித்து நிரூபித்த மருந்து உண்டென்றால் இதுதான். உள்ளங்காலின் தோல் செருப்பு மாதிரி தடிமன். கன்னத்தின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. காலுக்கு அளவானது கன்னத்தைப் புண்ணாக்கும். உள்ளே இருக்கும் தாளை விரித்துப் படியுங்கள், முகத்தில் போடாதே என்று அதிலேயே எழுதியிருக்கும். கேட்டால் கொடுத்துவிடும் கடைகளும் இருக்கின்றன. நான் முகத்துக்கு என்று தெரிந்தால் கொடுப்பதில்லை.

முகப்பருவுக்கு விற்கும் 1, 2 சதவீத ஃபேஸ்வாஷிலும் சாலிசிலிக் ஆசிட்தான் இருக்கிறது. அது பாதுகாப்பானது, ஆனால் மருவை ஒன்றும் செய்யாது. டேப் ஒட்டுவது பற்றியும் கேட்பார்கள். 2002-இல் வந்த ஓர் ஆய்வு அது நன்றாக வேலை செய்கிறது என்றது, பிற்பாடு வந்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. எப்படியிருந்தாலும் அது கை, கால் மருவைப் பற்றிய பேச்சு.

வைத்தீஸ்வரன் கோயில்ல உப்பு மிளகு போட்டேன், ரெண்டு மாசத்துல சுத்தமா போயிடுச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

சந்தோஷம் என்று சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வைத்தீஸ்வரன் கோயில். நானே என் பெண்ணின் பாலுண்ணிக்காகப் போய் உப்பும் மிளகும் போட்டு, சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்திருக்கிறேன். மாமியார் நேர்ந்துகொண்டது. போயும் விட்டது.

தானாகப் போகும் வியாதிக்கு மாதக்கணக்கில் பொறுத்திருப்பதுதான் வைத்தியத்தில் கஷ்டமான பகுதி. "வேண்டியாச்சு, இனிமே கையை வைக்காதே, அவன் பார்த்துக்கொள்வான்" என்று பெரியவர்கள் சொன்னால், குழந்தையும் சொறியாது, அம்மாவும் சுண்ணாம்பைத் தேட மாட்டாள். அந்த வகையில் இந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எல்லாக் கைவைத்தியத்தையும்விட எனக்கு இதுதான் பிடித்தது. உப்பும் மிளகும் சன்னிதியில் இருக்கட்டும். அரைத்து முகத்தில் அப்பாதீர்கள். அப்படியும் ஒருவர் செய்தார்.

பக்கத்து வீட்டக்கா ஒரு கிரீம் குடுத்தாங்க. முகமும் வெள்ளையாகுது, மருவும் அமுங்குதுன்னு...

ட்யூபைக் கொண்டுவந்து காட்டுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில நாள் சிவப்பும் அரிப்பும் அடங்கி, முகம் பளிச்சென்று தெரியும். அதே சமயம் அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பு சக்தியையும் தூங்க வைத்துவிடும். மருவை விரட்ட வேண்டிய ஆளே அவன்தான் என்று முன்பே பார்த்தோம். நாலு மரு நாற்பதாகும். நீண்ட நாள் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும், பரு வெடிக்கும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. எத்தனை கடை அதைப் பின்பற்றுகிறது என்று கேட்காதீர்கள். பல மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும், அதனால் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

ஹோமியோபதில தூஜா சாப்பிட்டா போகும்னு சொல்றாங்களே?

மருவுக்கு ஹோமியோ மாத்திரையையும் வெறும் மாத்திரையையும் இரண்டு குழுவுக்குக் கொடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. வாழைப்பழத் தோலுக்குச் சொன்னதுதான், மாத்திரையால் தோல் வேகாது. தூஜா எண்ணெயைத் தடவச் சொன்னால் மட்டும் யோசியுங்கள், அது எரிச்சல் தரக்கூடியது.

டாக்டர்கிட்ட போனா என்ன செய்வார்? சுடுவாரா? தழும்பு விழாதா?

முதலில் அது என்ன என்று சொல்வார். பாதி நிம்மதி அங்கேயே வந்துவிடும். தட்டை மருவுக்கு ட்ரெட்டினாயின் போன்ற கிரீமை இரவில் தடவச் சொல்வது வழக்கம். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் போட வேண்டும், முதலில் தோல் காய்ந்து உரியும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். நூல் மருவையும் தோல் தொங்கலையும் மரத்துப்போகும் மருந்து வைத்து, கரன்ட்டால் தொட்டோ கத்தரித்தோ சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். டி.பி.என்.-ஐ மேலாகத் தொட்டு எடுக்கலாம், ஆனால் வருடங்கள் போகப் போகப் புதிது முளைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு செலவழியுங்கள்.

உறைய வைக்கும் சிகிச்சை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைத் தொட்டு வைப்பது. நல்ல முறைதான், ஆனால் நம் நிறத்துக்கு அந்த இடம் வெளுத்துப்போக வாய்ப்புண்டு. முகத்தில் செய்வதற்கு முன் அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் கரன்ட்டால் சுட்டாலும் தழும்பு வரலாம்தானே என்று கேட்பீர்கள். வரலாம். ஆனால் எவ்வளவு ஆழம் என்பது அவர் கையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. பணம் கட்ட முடியாது என்றால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள்.

நான் ஆறு மாசம். கழுத்துலயும் முகத்துலயும் திடீர்னு நிறைய வருது.

கர்ப்ப காலத்தில் தோல் தொங்கல் கூடுவது சகஜம். பிரசவத்துக்குப் பிறகு சில சுருங்கியும் போகும். ட்ரெட்டினாயின் கர்ப்பிணிகள் போடக் கூடாத மருந்து, அதனால் வீட்டில் யாருடைய ட்யூபையும் எடுத்துத் தடவ வேண்டாம்.

கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் ஒன்று. கழுத்தில் கொத்துக் கொத்தாகத் தோல் தொங்கல் வந்து, பின்கழுத்து அழுக்குப் படிந்ததுபோலக் கருத்து, தேய்த்தாலும் போகவில்லை என்றால், சோப்பை மாற்றாமல் சர்க்கரை அளவைப் பாருங்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அது அடையாளமாக இருக்கலாம். மரு மருந்து கேட்டு வந்து, சர்க்கரை இருப்பது தெரிந்துகொண்டு போனவர்கள் என் கடையிலேயே நாலைந்து பேர்.

எப்போ தள்ளிப் போடாம டாக்டர பாக்கணும்?

ஐம்பது வயதுக்கு மேல் முகத்தில் புதிதாக ஒன்று முளைத்து, ஆறாமல், அடிக்கடி பொருக்கு உதிர்ந்து ரத்தம் கசிந்தால் உடனே. முத்துப்போல மினுமினுக்கும் ஓரமும் நடுவில் புண்ணும் இருந்தால் அது மருவாக இல்லாமல் ஒருவகைத் தோல் புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் எடுத்தால் குணமாகிவிடும். மச்சம் ஒன்று வடிவம் மாறி, பல நிறமாகி, பெரிதாகிக்கொண்டே போனாலும் அப்படித்தான். இமை விளிம்பில் இருப்பது எதுவானாலும் கண் டாக்டர். டயாலிசிஸ், உறுப்பு மாற்று, எச்.ஐ.வி., புற்றுநோய் மருந்து என்று எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மரு கட்டுக்கடங்காமல் பரவும், அவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

சரி, எல்லாத்தையும் வேண்டாம்னு சொல்லிட்டீங்க. வீட்ல என்னதான் செய்யறது?

போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு. மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்குப் பெரிதாகிக்கொண்டே போவதுபோலத்தான் தெரியும், படம் உண்மையைச் சொல்லும். துண்டு, பிளேடு பற்றி மேலே சொன்னதைச் செய்யுங்கள். முகத்தைக் கழுவித் துண்டால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் என் கைவைத்தியம். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். காசு கொடுத்து எதையாவது வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள்.

ஏற்கெனவே எதையோ வச்சு சுட்டுக்கிட்டேன். கருப்பா இருக்கு, மரு பக்கத்துல அப்படியே இருக்கு.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். மென்மையான சோப்பால் கழுவி, வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசி ஈரமாகவே வையுங்கள். காய்ந்து ஆறுவதைவிட ஈரத்தில் ஆறும் புண்ணுக்குத் தழும்பு குறைவு. சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் டாக்டர். புண் மூடிய பிறகு வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள். மேலோட்டமான கருப்பு சில மாதத்தில் மங்கும். பள்ளம் விழுந்திருந்தால் அதற்குத் தனியாகத் தோல் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் மருவைத் தொடாதீர்கள்.

அக்கா, அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம். அதுக்குள்ள எடுத்தே ஆகணும்.

மாதம் ஒருத்தியாவது இதைக் கேட்கிறாள். ஒரு வாரத்தில் டாக்டர் எடுத்தாலும் பொருக்கோ சிவப்போ மிச்சம் இருக்கும். வீட்டில் எடுத்தால் புண்ணோடுதான் மேடையேறுவாய். நிச்சயதார்த்தத்துக்கு மேக்கப் போடும் பெண்ணிடம் உனக்கென்று தனி ஸ்பாஞ்ச் வைக்கச் சொல், மரு இருக்கும் பக்கத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று சொல். கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கிறதா? அப்படியென்றால் திங்கட்கிழமை தோல் டாக்டரிடம் போ. நேரம் இருக்கிறது.